வண்டி எங்கே நிற்கிறது?

போன மாதம் சுமா போன் செய்தாள். பெங்களூர் அடுகோடியில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் போன் டெஸ்க்கில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

"சார், டெஸ்க்கை மூடறாங்க. இனிமே எல்லாம் ஆப்லதான். கார் ஸ்டார்ட் ஆகலைன்னா கஸ்டமர் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் வாயிலேயே இருக்குமே."

ஒரு மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். பாட்டரி என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அன்று எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் ஜோகுபாளையத்துக்காரன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் வண்டிகளை எட்டு வருடம் பார்த்துக்கொண்டேன். பிறகு அடுகோடி. கார் எலக்ட்ரிகல் வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. இருபது வருடம் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்ததில் இடுப்பு டிஸ்க் விலகியது. இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், வேலை போய்விட்டது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போது சர்வீஸ் மேனேஜராக இருந்தவர் ஷைலஜா மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். "கஜேந்திரன், ஸ்வல்ப உள்ள வாங்க" என்று கூப்பிட்டு, ஒரு ஹெட்ஃபோனை என் முன்னால் வைத்தார். "கட்டி இழுத்துட்டு வர்ற வண்டியில பாதிக்கு இங்க வர்ற அவசியமே இல்ல. போன்லயே சரி பண்ணலாம். உங்க இடுப்புதானே போச்சு, காது இருக்கில்ல?"

அப்படித்தான் போன் டெஸ்க் ஆரம்பமானது.

மேடம் ஒரு கேள்வித்தாள் தயார் செய்தார். முதல் கேள்வி, சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது என்பது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம். கட்டத்தில் கஸ்டமர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். 'ஸ்டார்ட்டர் கோளாறு' என்று நம் பாஷைக்கு மாற்றி எழுதக் கூடாது. "அவங்க என்ன சொன்னாங்களோ அதையே எழுதுங்க. நாம மாத்தி எழுதினா நம்ம முடிவைத்தான் திரும்பப் படிப்போம்" என்பார்.

அவர் சொன்னது சரிதான். டிக் டிக் டிக் என்று விடாமல் சத்தம் வந்தால், பாட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் லூஸ். ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொல்வேன். வெளிச்சம் செத்துப்போனால் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு 'டக்', அதற்குப் பிறகும் லைட் பிரகாசமாகவே இருக்கிறது என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். கர் கர்ரென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலோ கரண்டோ போய்ச் சேரவில்லை. அப்போது சாவியைப் பாதி திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காது வைத்து, ம்ம் என்று இரண்டு நொடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். கேட்கவில்லையென்றால் ஃப்யூஸ். அதே அளவு ஹாரன் ஃப்யூஸைப் பிடுங்கி அங்கே மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு அம்மா, வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குகிறது என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். பானெட்டைத் திறந்து பார்க்கச் சொன்னதும், "அய்யோ, உள்ள பாதி சப்பாத்தி இருக்குது சார்" என்று கத்தினார். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் எலி குடும்பம் நடத்தி, ஒரு இக்னிஷன் காயிலின் ஒயரைக் கடித்துவிட்டிருந்தது. நாலு சிலிண்டரில் மூன்று மட்டும் ஓடும் வண்டி நடுங்கத்தானே செய்யும்.

தப்புச் செய்தால் ஷைலஜா மேடம் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். நாம் கேட்காமல் விட்ட கேள்வியை, நாமே அந்தக் கஸ்டமர் என்பது போல நம்மிடம் கேட்பார். நமக்கே பதில் தெரியாமல் முழிப்போம். அவ்வளவுதான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் கண்ணாடியில் கை வைத்தாலே நான் கேள்வித்தாளை மறுபடி புரட்டுவேன்.

ஊரடங்கு வந்தபோது டெஸ்க்கில் போன் ஓயவில்லை. பெங்களூரில் எந்த வண்டியும் நகரவில்லை. நின்ற வண்டிகளின் பாட்டரி எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டி இழுக்கிற வண்டியும் போக முடியாது. எங்கள் குரல் மட்டும்தான் போகும். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரிடம் பேசினோம்.

அப்போதுதான் சபாபதி சார் அழைத்தார். வில்சன் கார்டனில் வீடு. அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் இருபத்தைந்து வருடப் பழசு, கார்பரேட்டர் வண்டி. அவர் மனைவி மரகதம் அம்மாவுக்குச் சர்க்கரையால் கண்ணில் கோளாறு. மாதம் ஒரு முறை கண்ணுக்குள் ஊசி போட்டாக வேண்டும். நாள் தவறினால் பார்வை போய்விடும். ஆட்டோ இல்லை, டாக்சி இல்லை. ஊசிக்கு இரண்டு நாள் முன்னால் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது.

"ஸ்பேனர் இருக்கா சார்?"

"ஸ்பேனரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடையெல்லாம் பந்த். ஒரு கட்டிங் பிளையர் இருக்கு, அதுவும் துரு."

"பரவால்ல. பாட்டரி டெர்மினல்ல வெள்ளையா, பச்சையாப் பூத்திருக்கா?"

"காலிஃப்ளவர் மாதிரி இருக்கு."

காலிஃப்ளவர் என்றே எழுதிக்கொண்டேன். வெந்நீர் கேட்டேன். போனுக்குள் ஒரு பெண் குரல், "எவ்வளவு கொதிக்கணும்னு கேளுங்க" என்றது. கொதிக்கக் கொதிக்க வேண்டும் என்றேன். மெதுவாக ஊற்றச் சொல்லி, பூத்ததெல்லாம் கரைந்து ஓடிய பிறகு துணியால் துடைத்து, டெர்மினலைத் திருகி அழுத்தச் சொன்னேன். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்துவிட்டது. அந்த இன்ஜின் சத்தத்துக்கு நடுவில், "ஆய்த்து! ஆய்த்து மரகதம்!" என்று கன்னடம் கலந்து அவர் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் மறுபடி அழைத்து நன்றி சொன்னார்.

அந்த இரண்டாவது அழைப்பில்தான் கேட்டார். "அடுத்த ஊசிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. அதுவரைக்கும் வண்டி சும்னே நிக்கும். மறுபடி இறங்கிடாம இருக்க என்ன பண்றது?"

நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பதுதான் சரியான பதில். அவரிடம் ஸ்பேனர் இல்லை. அதனால், "மூணு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிஷம் ஓட விடுங்க சார். ரேடியோ, லைட் எதையும் போடாதீங்க. ஆக்சிலரேட்டரை லேசா அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்றேன். அதே பதிலை அந்த வாரம் ஐம்பது பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஐந்து வாரம் கழித்து அவர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். நம்பரைப் பார்த்ததுமே எனக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சார், வண்டி எப்படி இருக்கு?"

"நான் அவர் பொண்ணு வித்யா பேசறேன். கஜேந்திரன்ங்கறது நீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்பா டைரியில எழுதியிருக்கார். 'கஜேந்திரன் சொன்னது. மூன்று நாளைக்கு ஒரு முறை. இருபது நிமிடம்'னு. நீங்க சொன்னதா?"

"ஆமா மேடம். என்ன ஆச்சு?"

"அப்பா இறந்து பதிமூணு நாள் ஆச்சு. ஷட்டர் போட்ட ரூமுக்குள்ள வண்டியை ஓட விட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கார். புகை." பிறகு கேட்டார். "கதவைத் திறந்து வைங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது எனக்கு அந்த நொடியே தெளிவாகத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஞாபகம் இல்லைங்க மேடம். ரெக்கார்டு பார்த்துத்தான் சொல்லணும்."

"பார்த்துச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஷைலஜா மேடமும் நானும் அந்த ரெக்கார்டைக் கேட்டோம். பதினோரு நிமிடம். நடுவில் சபாபதி சார் தானாகவே சொல்கிறார்: "வண்டி கீழ கடை ரூம்லதான் நிக்குது. வாடகைக்கு விட்டிருந்தோம், அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க." அதற்கு நான் சொல்கிறேன்: "நல்லதாப் போச்சு சார், வெயில் மழை படாது."

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தோம். கட்டத்தில் என் கையெழுத்திலேயே 'கடை ரூம்' என்று இருக்கிறது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போயிருக்கிறேன். மூடின இடத்தில் இன்ஜினை ஓட்டக் கூடாது என்பது ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். புகையில் வாசனை தெரியாத விஷம் இருக்கிறது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், கார்பரேட்டர் வண்டியில் அது இன்னும் அதிகம் என்றெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கூரை முப்பதடி உயரம், மூன்று பக்கமும் திறப்பு. அங்கே வருடக்கணக்கில் இன்ஜினை ஓட்டிப் பழகியவனுக்கு, வீடு என்பது வேறு இடம் என்று தோன்றவே இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். என்ன கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போங்க கஜேந்திரன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "வக்கீல் சொல்லிட்டாங்க. அந்தக் குடும்பத்தோட நீங்க பேசக் கூடாது. போகவும் கூடாது. கம்பெனியிலிருந்து லெட்டர் போகும்."

"அந்தப் பொண்ணு ரெக்கார்டு கேட்டாங்க மேடம். சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மேனேஜரா நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மிச்சம் உங்க இஷ்டம்."

மிச்சம் என் இஷ்டம் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் போகவில்லை. ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம். இடுப்பு ஒடிந்தவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வித்யா மறுபடி அழைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் ஹெட்ஃபோனை மாட்டும்போது அந்த நம்பர் வருமோ என்று பயந்தேன். வரவில்லை என்றதும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்துத்தான் இப்போதும் அதிகம் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரம் புதிய கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி சிவப்பு எழுத்தில்: வண்டி எங்கே நிற்கிறது? ஏன் என்று மேடம் யாரிடமும் சொல்லவில்லை. வைப்பர் ஓடவில்லை என்று அழைப்பவரிடம்கூட அதைத்தான் முதலில் கேட்பேன். "வைப்பருக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சுமா சிரிப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதைக் கேட்காமல் ஒரு அழைப்பையும் நான் முடித்ததில்லை.

சுமாவுக்கு லிஸ்ட் எழுத உட்கார்ந்த அன்று, நாலு வரிக்கு அடுத்து 'இன்ஜினை ஓட விடும்போது அறைக் கதவு, ஷட்டர் எல்லாம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்' என்று எழுதப் போனேன். பேனாவை மூடி வைத்தேன். யார் யாருக்கோ எழுதிக் கொடுக்கிறேன், சொல்ல வேண்டிய இடத்தில் இன்னும் சொல்லவில்லை. மறுநாள் காலை, விலாசத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வில்சன் கார்டனுக்குப் பஸ் ஏறினேன்.

கீழே அந்த ரூமில் இப்போது ஜெராக்ஸ் கடை நடக்கிறது. மாடி ஏறி மணி அடித்தேன். மரகதம் அம்மா கதவைத் திறந்தார். மெலிந்து போயிருந்தார். என் முகத்துக்கு அருகில் வந்து பார்த்தார். அடையாளம் தெரிய வழியில்லை, நாங்கள் பார்த்துக்கொண்டதே இல்லை.

"அம்மா, நான் வந்து..."

"கஜேந்திரனா?" என்றார். "குரல் தெரியுது. அவர் போனை எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவார். உள்ள வாங்க."

ஹாலில் சபாபதி சார் படம் இருந்தது. பேகைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்ததையெல்லாம் மறந்து, தோன்றியபடி சொன்னேன்.

"வண்டி கடை ரூம்ல நிக்குதுன்னு சார் சொன்னார்மா. நான் எழுதிக்கூட வெச்சேன். ஷட்டரைத் திறந்து வெச்சு ஓட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. உங்க பொண்ணு கேட்டப்ப ஞாபகம் இல்லைன்னுட்டேன். அது பொய்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருந்துது."

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவர் திறந்துதான் வெச்சிருந்தார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முதல்ல எல்லாத் தடவையும் ஷட்டர் முழுசா மேலதான் இருந்தது. அன்னிக்கு எதிர் வீட்டுப் பொண்ணு வந்து நின்னா. குழந்தைக்கு இருமல், புகை எங்க வீட்டுக்குள்ள வருதுன்னா. அப்ப இருமல்னாலே எல்லாருக்கும் பயம். இவர் உள்ள உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார், ஆக்சிலரேட்டரை அழுத்திட்டு. நான்தான் ஷட்டரை இறக்கினேன். தரையிலிருந்து ஒரு முழம் விட்டுட்டு இறக்கினேன். 'இருபது நிமிஷம்தானே மரகதம், ஆனவுடனே திறந்துட்டு வர்றேன்'னார். நான் மேல வந்து குக்கர் வெச்சேன்."

குக்கர் இறங்கி, ரசம் கூட்டி, ஏன் இன்னும் வரவில்லை என்று அவர் இறங்கிப் போனபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"தூங்கறார்னுதான் நெனச்சேன்" என்றார். "முகம் நல்லாச் செவந்து, ஆரோக்கியமா இருந்தது."

நான் தலை குனிந்திருந்தேன். ஒரு பக்கம், அவர் திறந்துதான் வைத்திருந்தார் என்று கேட்டதும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. வெந்நீர் எவ்வளவு கொதிக்க வேண்டும் என்று கேட்டவர் இவர்தான். நான் அந்த ஒரு வார்த்தையை, ஏன் என்ற காரணத்தோடு சொல்லியிருந்தால், இவரும் கேட்டிருப்பார். எதிர் வீட்டுப் பெண் வந்து நின்றபோது இவர் கை ஷட்டருக்குப் போயிருக்காது.

அதை அவரிடம் சொன்னேன்.

"நான் செஞ்சது இன்னொண்ணு இருக்கு" என்றார். "வித்யாகிட்ட ஷட்டரை நான் இறக்கினதைச் சொல்லல. அவர் இறக்கிட்டு உட்கார்ந்திருக்கார்னு அவளே நெனச்சுக்கிட்டா. உங்க மேல அவளுக்கு அவ்வளவு கோபம். ஒவ்வொரு தடவை உங்களைத் திட்டறப்பவும் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். அப்பா இல்ல, என்னையும் வெறுத்துட்டா நான் எங்க போவேன்? உங்களைத் திட்டட்டும்னு விட்டுட்டேன். நீங்க யாரோதானே. என்னை மன்னிச்சிடுங்க."

"அவங்களுக்குச் சொல்ல வேண்டாம்மா. என் மேலயே கோபமா இருக்கட்டும். எனக்கு அது தகும்."

"இல்ல. நீங்க வந்து சொல்லிட்டீங்க. இனிமே நான் சொல்லாம இருந்தா நல்லா இருக்காது."

போனை எடுத்துக் கண்ணருகே பிடித்துத் தடவி, மகளை அழைத்தார். வித்யா இப்போது இருப்பது வெளிநாட்டில். ஸ்பீக்கரில்தான் போட்டார். கஜேந்திரன் வந்திருக்கிறார் என்று ஆரம்பித்து, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். எதிர் வீட்டுப் பெண், குழந்தையின் இருமல், ஒரு முழம், குக்கர், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, "வித்யா, இருக்கியா?" என்றார். லைன் துண்டிக்கப்பட்டது.

மரகதம் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அங்கே இருப்பதா போவதா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பேகை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசற்படி வரை போயிருப்பேன், போன் அடித்தது.

"உங்களைக் கேட்கறா" என்று போனை நீட்டினார்.

"சொல்லுங்கம்மா."

வித்யா கேட்டார். "அம்மா அழறாங்களா?"

"இல்லம்மா. உட்கார்ந்திருக்காங்க."

"உங்க மேல எனக்குக் கோபம் போகல. அம்மாகிட்ட என்ன பேசறதுன்னும் தெரியல. இப்ப பேசினா தப்பா ஏதாவது சொல்லிடுவேன்."

"சரிம்மா."

"வேலைக்கு வர்ற அம்மா நாலு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் அங்க யாரும் இல்ல." மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "நீங்க கிளம்பிடாதீங்க. அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க, ப்ளீஸ்."

"இருக்கேன்மா" என்றேன்.

போனைக் கொடுத்துவிட்டு, பேகைக் கீழே வைத்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை.